படகின் பெயரைச் சொல்லாதவருக்கு முன்பணமா?

கேள்வி: மெக்சிகோவிலிருந்து தெற்கு நோக்கி சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது கோஸ்டா ரிக்காவில் இருக்கிறேன். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் சாலை இல்லாததால், பனாமாவின் சான் பிளாஸ் தீவுகள் வழியாகப் பாய்மரப் படகில் கொலம்பியாவின் கார்தாஹேனா போக ஆசை. ஐந்து நாள் பயணத்துக்கு 600 டாலர், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் என்கிறார் ஒரு முகவர். ஜனவரி கடைசியில் கிளம்பும் படகில் ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம். முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பச் சொல்கிறார். எந்தப் படகு என்று கேட்டால், கிளம்பும் வாரத்தில் சொல்கிறேன் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். 600 டாலர் இந்தத் தடத்தில் வழக்கமான விலைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படகும் தெரியாமல், கேப்டனும் யாரென்று தெரியாமல் பணம் கேட்பதுதான் கோளாறு. பல படகுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்கும் முகவர்கள் அங்கே நிறையப் பேர். எந்தப் படகில் இடம் காலியோ அதில் உங்களை ஏற்றிவிடுவார்கள்.

எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பனாமாவில் யாவிசா என்ற ஊரோடு நெடுஞ்சாலை முடிந்துவிடுகிறது. அப்புறம் சுமார் 100 கிலோமீட்டருக்குக் காடும் சதுப்பும்தான். 2014-ல் பனாமாவின் கோலோனிலிருந்து கார்தாஹேனாவுக்கு ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள், அடுத்த ஆண்டே அது நின்றுபோனது. மிச்சம் இருப்பவை விமானமும் படகும். அக்கரை சேர்வது மட்டும்தான் நோக்கம் என்றால், சைக்கிளை அட்டைப்பெட்டியில் போட்டு விமானம் ஏறுங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு, ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கியும் விடலாம். படகுக்காரர் விற்பது வேறு. மூன்று நாள் தீவுகளுக்கு நடுவே நங்கூரம், நீச்சல், மீன் சாப்பாடு, அதன் பிறகு நிலமே கண்ணில் படாத 30 முதல் 40 மணி நேரம். விளம்பரப் படங்களில் இருப்பது முதல் மூன்று நாள் மட்டும்தான்.

அந்தக் கடைசிப் பகுதிக்கு ஜனவரி மோசமான மாதம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அந்தக் கடலில் வடகிழக்குக் காற்று பலமாக வீசும். கார்தாஹேனா இருப்பதோ கிழக்கே. ஆக, காற்றுக்கு எதிராகத்தான் படகு போயாக வேண்டும். ஒவ்வொரு அலையிலும் மூக்கு தூக்கிக் குத்தும், இரவில் படுக்கையிலிருந்து உருளாமல் இருக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டே கிடக்க வேண்டியிருக்கும். பலர் அந்த ஒன்றரை நாளில் பிஸ்கட்டும் தண்ணீரும் தவிர எதையும் தொடுவதில்லை. இதே காற்றில் கார்தாஹேனாவிலிருந்து பனாமாவுக்கு வருபவர்கள் சுகமாக வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் ஏப்ரல் வரை பனாமா மலைப்பகுதிகளில் சுற்றிவிட்டு ஏறுங்கள். மே மாதத்திலிருந்து மழையும் மின்னலும் உண்டு, ஆனால் காற்று அடங்கியிருக்கும். கரீபியன் புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இந்தக் கடல் இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

படகு நல்ல படகா என்று பார்ப்பதைவிட, கேப்டன் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பது முக்கியம். பழைய படகும் நிதானமான கேப்டனும் அமைந்தால் தைரியமாக ஏறலாம். பளபளக்கும் கட்டமரானில் குடிகாரக் கேப்டன் என்றால் வேண்டாம். அவரிடமே நேராகக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை பேர், எத்தனை படுக்கை? ஒரு படுக்கையில் முன்பின் தெரியாத இருவரைப் படுக்கவைக்கும் வழக்கம் சில படகுகளில் உண்டு. உயிர்காப்பு மிதவை எத்தனை பேர் தாங்கும், கடைசியாக எப்போது அதைச் சோதித்தார்கள்? ஆபத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவி இருக்கிறதா? இரவில் சுக்கான் பிடிக்க அவரைத் தவிர இன்னொருவர் உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு படகு பாருங்கள். 40 மணி நேரம் ஒற்றை ஆள் கண் விழித்திருக்க முடியாது. போன மாதம் அதே படகில் போனவர் ஒருவரோடு பேச முடிந்தால் இன்னும் நல்லது.

பணத்துக்கு வருவோம். முன்பணமாக ஒரு சிறு பங்கு மட்டும் கொடுங்கள், முடிந்தால் கிரெடிட் கார்டில். மீதியைப் படகைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுக்கலாம். பனாமாவில் புழங்குவது அமெரிக்க டாலர்தான், தீவுகளில் ஏடிஎம் கிடையாது, அதனால் சில்லறை நோட்டாக எடுத்துப்போங்கள். குனா யாலாவில் (சான் பிளாஸ் தீவுகள் இருக்கும் குனா பழங்குடியினரின் பகுதி) நுழையும் கட்டணம், கார்த்தி துறைக்குப் போகும் ஜீப், குடிநீர், பீர், சைக்கிள் கட்டணம் ஆகியவற்றில் எது 600-க்குள், எது வெளியே என்று செய்தியாக எழுதி வாங்குங்கள். இந்தியாவின் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்தான். ஆனால் ஏதோ ஒரு நாட்டுக் கொடி பறக்கும் படகு, பனாமாவில் உட்கார்ந்திருக்கும் முகவர்: தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் தேடிப் போவீர்கள்?

பாஸ்போர்ட்டைக் கேப்டன் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம், குடிவரவு வேலைகளை அவர்தான் முடிப்பார். பனாமாவை விட்டுக் கிளம்பும் முத்திரை விழுந்ததா என்று மட்டும் நீங்களே பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கொலம்பியா விசா விஷயத்தை முன்பணத்துக்கு முன்பே தூதரகத்தில் கேட்டு முடியுங்கள். விசா இல்லாத பயணியைக் கேப்டன் துறையிலேயே இறக்கிவிட்டால், முன்பணம் அவரோடு போய்விடும்.

கேள்வி: சைக்கிளை மேல்தளத்தில் கம்பியோடு கட்டிவைப்பார்களாம். அது தாங்குமா? எஃகுச் சட்டம், டிஸ்க் பிரேக்.

பதில்: சட்டம் தாங்கும், மற்றவைதான் கவலை. ஐந்து நாள் உப்புத் தண்ணீர் தெறித்தால் செயின் ஆரஞ்சு நிறமாகிவிடும், சின்ன போல்ட்டுகள் இறுகிப்போகும். முதலில், உள்ளே வைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். சக்கரங்களையும் பெடலையும் கழற்றி ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டால், பாய்த்துணி அடுக்கும் முன்னறையில் பெரும்பாலும் நுழைந்துவிடும். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

மேல்தளம்தான் என்றால், சீட் கம்பியை உருவி நன்றாகக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். அலுமினியக் கம்பியும் எஃகுச் சட்டமும் உப்புநீரில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் அப்புறம் அசைக்கவே முடியாது. பிரேக் பேட்களைக் கழற்றிப் பையில் போடுங்கள். படகில் டீசல் எங்கும் சிந்தியிருக்கும், ஒரு சொட்டு பட்டால்கூட பேட் வீண். செயினில் எண்ணெயைத் தாராளமாக விடுங்கள். பிளாஸ்டிக் தாளால் சைக்கிளைக் காற்றுப்புகாமல் சுற்றாதீர்கள், உப்பு ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தோல் சீட் என்றால் உங்களோடு கேபினுக்குள் வரட்டும். கிளம்பும் முன் சைக்கிளை நாலு பக்கமும் போட்டோ எடுத்து கேப்டனுக்கும் அனுப்பிவையுங்கள். கார்தாஹேனாவில் இறங்கியதும், ஓட்டலில் அறை எடுக்கும் முன்பே, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும், வாளியில் மொண்டு ஊற்றினால் போதும்.

கேள்வி: தீவுகளில் வேறு என்ன செலவு இருக்கும்?

பதில்: அதிகம் இல்லை. இறங்கும் தீவுக்கு ஒன்றிரண்டு டாலர், ஆளைப் படம் எடுத்தால் ஒரு டாலர் கேட்கலாம். அந்த மண் குனா மக்களுடையது. 1925-ல் பனாமா அரசை எதிர்த்துக் கிளர்ந்து பெற்ற தன்னாட்சி, சட்டதிட்டம் அவர்கள் வைத்ததுதான். ஆளில்லாத தீவு என்று நினைத்துக் கீழே கிடக்கும் தேங்காயை எடுக்காதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு, தேங்காய் அவர்களுக்கு விற்பனைப் பொருள். விலை கொடுத்து இளநீர் குடியுங்கள். காற்று சிலிண்டர் கட்டி முங்கும் ஸ்கூபாவுக்கு அங்கே தடை உண்டு, ஆகவே அதைச் சேர்த்து யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எடுத்துக்கொண்டு அதற்கான அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பனாமா, கொலம்பியாவிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்குபவரிடம் அட்டை இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தக் கூட்டிப்போய்விடுவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும்.