மாற்றிய மூட்டைச் சுற்றி முளைக்கும் எலும்பு

வாசகர் கேள்வி – பதில்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பின் மூட்டைச் சுற்றி எலும்பு வளர்வதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு எலும்பு-மூட்டு மருத்துவர்களின் பதில்கள்.

அப்பாவுக்கு வயது 62. வலது இடுப்பு மூட்டை மாற்றி மூன்று மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. 'எலும்பு வளர்ந்திருக்கிறது, பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புது மூட்டு கெட்டுவிட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலும்பு வளர்ந்திருப்பது செயற்கை மூட்டின் கிண்ணத்துக்கும் (இடுப்பெலும்பில் பொருத்துவது) தண்டுக்கும் (தொடையெலும்புக்குள் இறக்குவது) வெளியே, தசைக்குள். இதற்கு 'ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன்' என்று பெயர். வெறும் சுண்ணாம்புப் படிவு அல்ல, அசல் எலும்பே இருக்கக்கூடாத இடத்தில் உண்டாகிறது. ஆபரேஷனில் தசை விலக்கப்படுகிறது, எலும்பைக் குடைகிறார்கள், தூள் சிதறுகிறது, ரத்தம் தேங்குகிறது. காயத்தை ஆற்ற வரும் இளம் செல்களில் ஒரு பகுதி தசையாகவோ தழும்பாகவோ மாறாமல், எலும்பு செல்லாக மாறிவிடுகிறது.

1973-இல் புரூக்கர் என்ற மருத்துவர் வகுத்த நான்கு நிலைகளைத்தான் இன்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தசைக்குள் தனித்தனித் தீவுகளாக இருந்தால் முதல் நிலை. இடுப்பெலும்பிலிருந்தோ தொடையெலும்பிலிருந்தோ முள்போல நீண்டு, நடுவில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தால் இரண்டாம் நிலை. இடைவெளி 1 செ.மீ.க்கும் குறைந்தால் மூன்று. இரண்டு பக்கமும் பாலம் போட்டதுபோல் சேர்ந்துவிட்டால் நான்கு. முதல் இரண்டு நிலைகளால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் வராது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: எக்ஸ்ரே தட்டையான படம். மூட்டுக்கு முன்னால் தனியாக நிற்கும் எலும்புகூடப் படத்தில் பாலம்போல் தெரியும். 'நான்காம் நிலை' என்று எழுதப்பட்ட சிலரால் காலை மடக்கவும் நடக்கவும் முடிவதற்கு இதுதான் காரணம்.

அதனால் படத்தைவிட அப்பாவின் அசைவைப் பாருங்கள். நாற்காலியில் நேராக உட்கார முடிகிறதா, படியேற முடிகிறதா, போன மாதம் செய்ததை இந்த மாதமும் செய்கிறாரா? ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் போதும்.

ஆபரேஷன் முடிந்து 18 நாள். தொடை வீங்கிச் சூடாக இருக்கிறது, மாலையில் லேசான காய்ச்சல். எலும்பு வளர்வதன் அறிகுறி இதுதான் என்று படித்தேன். சரியா?
– வாசகர், திருநெல்வேலி

இருக்கலாம், ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். இதே அறிகுறிகளோடு வரும் இரண்டு ஆபத்துகளை முதலில் தள்ள வேண்டும்: காலின் ஆழ்ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், மூட்டுக்குள் கிருமித்தொற்று. முன்னதற்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். பின்னதற்கு, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகள்; சந்தேகம் தீரவில்லையென்றால் மூட்டிலிருந்து ஊசியால் நீரெடுத்துப் பரிசோதனை. ஆபரேஷனாலேயே சி.ஆர்.பி. ஏறும் என்பதால், ஒருமுறை பார்த்த எண்ணைவிட அது இறங்குகிறதா ஏறுகிறதா என்பதே முக்கியம். எலும்பு வளர்ச்சி சாதாரண எக்ஸ்ரேயில் தெரிய 3 முதல் 6 வாரம் ஆகும். இப்போது படம் சுத்தமாக இருப்பதால் எதுவும் முடிவாகாது. காயத்தில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எனக்கு 34 வயது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (முதுகுத்தண்டு இறுகும் வாத நோய்) இருக்கிறது. இடது இடுப்பை மாற்றியபின் எலும்பு வளர்ந்து கால் பாதிதான் மடங்குகிறது. அடுத்த மாதம் வலது பக்கம் ஆபரேஷன். இதிலும் அப்படி ஆகாமல் தடுக்க முடியுமா?
– வாசகர், சேலம்

முடியும். ஆனால் அதற்கான பேச்சு இந்த மாதமே நடக்க வேண்டும். ஒரு பக்கம் வளர்ந்தவருக்கு மறுபக்கமும் வளரும் வாய்ப்பு அதிகம். உங்கள் முதுகுத்தண்டு நோயும் அதைக் கூட்டுகிறது. ஆண்கள், தேய்மானத்தில் விளிம்பெலும்பு தடித்தவர்கள், தலைக்காயமோ தண்டுவடக் காயமோ பட்டவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. செல்கள் எலும்பாவதா வேண்டாமா என்று 'முடிவெடுப்பது' ஆபரேஷனை ஒட்டிய சில நாட்களில். அந்த நாட்கள் கடந்துவிட்டால் தடுப்புக்கு வேலையில்லை.

ஒரு வழி மாத்திரை. இண்டோமெதசின் என்ற வலிநிவாரணி 25 மி.கி., தினம் மூன்று வேளை, சாப்பிட்டபின், ஆபரேஷனை ஒட்டியே தொடங்குவது. முன்பு ஆறு வாரம் கொடுத்தார்கள். இப்போது பலர் ஒன்றிரண்டு வாரங்களில் நிறுத்துகிறார்கள். எலும்பு செல்களைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பை இது தடுக்கிறது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க ஐந்து வாரம்வரை மருந்து தருவார்கள். அதோடு இதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். எனவே வயிற்றைக் காக்கும் மாத்திரை அவசியம். இதே வகையில் வயிற்றுக்குக் கடுமை குறைந்த செலகாக்சிபும் உண்டு. நீங்கள் முதுகுவலிக்கு ஏற்கெனவே இந்த வகை மாத்திரை சாப்பிடுபவராக இருப்பீர்கள். ஆபரேஷனுக்கு முன் அதை நிறுத்தச் சொன்னால், 'எந்த நாளில் மறுபடி தொடங்கலாம்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றொன்று கதிரியக்கம். 7 அல்லது 8 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), ஒரே தடவை, சில நிமிடம். புற்றுநோய்க்குப் பல வாரங்களில் 50, 60 கிரே தருவதோடு ஒப்பிட்டால் சிறிய அளவுதான். ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது பிந்தைய 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆபரேஷன் செய்யும் இடத்தில் கதிர் இயந்திரம் இல்லையென்றால், புதுக்காயத்தோடு ஆம்புலன்ஸில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். எங்கள் பார்வையில் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நோயாளிக்கு எவ்வளவோ நிம்மதி. சிமென்ட் இல்லாத மூட்டு என்றால் எலும்பு அதன் சொரசொரப்பைப் பற்றி வளர வேண்டும். அந்த இடம் கதிர் படாமல் மறைக்கப்பட வேண்டும். உங்கள் வயதுக்குக் கதிரின் நீண்டகாலப் பாதிப்பையும் கேட்டு எடைபோடுங்கள்.

இந்தத் தடுப்பு எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சுமார் 900 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் ஐபுப்ரோஃபென் (இதே வகை வலிநிவாரணி) எடுத்தவர்களுக்கு எலும்பு வளர்ச்சி குறைந்தது. ஆனால் ஓராண்டுக்குள் வலியிலோ நடமாட்டத்திலோ ஆதாயம் தெரியவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. உங்களைப் போன்ற அபாயம் உள்ளவர்களுக்கே தடுப்பு பொருந்தும்.

எலும்பு அதிகம் வளர்வதால் பாலையும் பிரண்டைத் துவையலையும் நிறுத்திவிட்டோம். தைலம் போட்டு நன்றாக உருவிவிட்டால் கரையுமா?
– வாசகி, மதுரை

பால், பிரண்டை இரண்டையும் தாராளமாகக் கொடுங்கள். சாப்பாட்டில் உள்ள கால்சியம் இதற்குக் காரணமல்ல. நிறுத்தினால் நல்ல எலும்புக்குத்தான் நஷ்டம்.

உருவுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். வந்த எலும்பு தைலத்தால் கரையாது. வளரும் கட்டத்தில் அழுத்திப் பிசைந்தால் தசை மீண்டும் காயப்பட்டு, வளர்ச்சி கூடலாம். முழங்கை உடைந்தபின் எண்ணெய் போட்டு உருவி, கை மடங்காமல் போனவர்களை நம் ஊரில் எல்லா எலும்பு மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள். பிசியோதெரபியிலும் இதே விதி: நோயாளி தானே, வலி பொறுக்கும் எல்லைவரை அசைக்கலாம்; பிறர் பிடித்து வலுவில் மடக்கக்கூடாது.

எட்டு மாதம் ஆகிறது. இடுப்பு பலகைபோல் இருக்கிறது, உட்காரவே முடியவில்லை. உடனே வெட்டி எடுக்க முடியாதா?
– வாசகர், கோவை

இந்த அளவு இறுக்கம் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எலும்பு முற்றிய பிறகே. முற்றாததை எடுத்தால் ரத்தம் அதிகம் போகும், எல்லை தெரியாது, திரும்ப வளரும். வழக்கமாக ஓராண்டு வாக்கில் செய்கிறார்கள். இரண்டு மாத இடைவெளியில் எடுத்த எக்ஸ்ரேக்களில் மாற்றமில்லை, விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது, எலும்பு வளரும்போது ரத்தத்தில் கூடும் ஆல்கலைன் பாஸ்படேஸ் இயல்புக்கு வந்துவிட்டது: இவைதான் முற்றியதன் அடையாளங்கள். முன்னதாக சி.டி. ஸ்கேன் எடுத்து, காலுக்கு ஓடும் சயாடிக் நரம்பு எலும்புக்கு எவ்வளவு அருகில் போகிறது என்று பார்க்க வேண்டும். கிண்ணம், தண்டு தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் அதே சமயம் பார்த்துவிடலாம். வலி மட்டும் தொந்தரவு, அசைவு ஓரளவு இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். எலும்பை எடுத்தும் வலி போகாதவர்கள் உண்டு.

எடுக்கும் நாளுக்கும் கதிரியக்கமோ மாத்திரையோ ஏற்பாடு செய்தாக வேண்டும்; இல்லையென்றால் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். தேதி குறிக்கும்போதே கதிர் பிரிவிலும் நேரம் வாங்கிவிடுங்கள்.