ஆகஸ்ட் ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? என்.எஃப்.எல். ப்ரீசீசன் குறித்த கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில், செப்டம்பரில் பருவம் தொடங்குவதற்கு முன்பு ஒவ்வோர் அணியும் பொதுவாக மூன்று ப்ரீசீசன் ஆட்டங்களை ஆடுகிறது. புள்ளிப் பட்டியலில் சேராத இந்த ஆட்டங்களைப் பார்த்து ஒரு வீரரை எப்படி எடைபோடுவது என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே பொருளுடைய கேள்விகளை ஒன்றாக்கி இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அணி முதல் ப்ரீசீசன் ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் வென்றது. இந்த ஆண்டு நம்பிக்கை வைக்கலாமா, ஐயா?

வைக்கலாம், ஆனால் அந்த வெற்றியைக் காரணமாகச் சொல்லாதீர்கள். 2008-ஆம் ஆண்டு டெட்ராய்ட் லயன்ஸ் அணி அப்போது நான்காக இருந்த ப்ரீசீசன் ஆட்டங்கள் அனைத்தையும் வென்றது; பிறகு பருவத்தின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2017-இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணிக்கும் அச்சு அசலாக அதேதான் நேர்ந்தது. பால்டிமோர் ரேவன்ஸ் அணி 2016 முதல் 2023 வரை தொடர்ச்சியாக 24 ப்ரீசீசன் ஆட்டங்களை வென்றது என்றாலும், அந்த இடைவெளியில் 2016, 2017, 2021 ஆகிய மூன்று பருவங்களில் பிளேஆஃப் (பருவம் முடிந்ததும் நடக்கும் வெளியேற்று) சுற்றை எட்டக்கூட இல்லை. நான்காம் கால் பகுதியில் உங்கள் மூன்றாம் வரிசை வீரர்கள் (முதல், இரண்டாம் தேர்வுகளுக்குப் பின் நிற்பவர்கள்) எதிரணியின் மூன்றாம் வரிசையை வென்றதைத்தான் அந்த ஸ்கோர் சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் இந்த ஆட்டங்கள் யாருக்காகத்தான் நடத்தப்படுகின்றன?

பட்டியலில் ஏறத்தாழ 40-ஆம் இடத்திலிருந்து 60-ஆம் இடம் வரை நிற்பவர்களுக்காக. பயிற்சி முகாமில் 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் இறுதிக்குள் அந்த எண்ணிக்கை 53 ஆகக் குறைய வேண்டும். 32 அணிகளையும் கூட்டினால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வாரத்தில் வெளியேறுகிறார்கள். அவர்களில் சிலரை வேறு அணிகள் எடுத்துக்கொள்ளும். ஓர் அணிக்குப் பதினாறு பேர் என்ற அளவில் பயிற்சிக் குழுவில் சிலர் தங்குவார்கள். மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். நட்சத்திரங்களின் இடம் முகாம் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. ஐந்தாவது ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) யார், ஆறாவது லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தின் நடு வரிசை வீரர்) யார் என்பதுதான் பயிற்சியாளர்களின் உண்மையான தலைவலி.

அந்த ஐந்தாவது ரிசீவர் பந்தைப் பிடிப்பதைவிட, கிக்ஆஃபின்போது (பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது) ஓடிச் சென்று எதிராளியை வீழ்த்துவதற்காகவே அதிகம் தேவைப்படுவார் என்பதைப் பார்வையாளர்கள் மறந்துவிடுகிறோம். டெர்ரல் டேவிஸ் 1995-இல் டிராஃப்டின் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின்) ஆறாம் சுற்றில் டென்வர் அணிக்குத் தேர்வான ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்). யாரும் அவரைப் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. டோக்கியோவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக நடந்த ப்ரீசீசன் ஆட்டத்தில், கிக்ஆஃபில் பந்தை ஏந்தி வந்தவரை அவர் மோதி வீழ்த்திய விதம்தான் பயிற்சியாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1998-இல் அவர் ஒரே பருவத்தில் 2,008 யார்டு ஓடினார் என்பது பின்கதை. எனவே கிக்ஆஃப் நேரத்தில் காபி போட எழுந்து போகாதீர்கள்.

கேள்வி: டிராஃப்டில் யாரும் தேர்ந்தெடுக்காத ரிசீவர் ஒருவர் நேற்று நூறு யார்டுக்கு மேல் எடுத்தார். அடுத்த விக்டர் குரூஸ் இவர்தான் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒவ்வோர் ஆகஸ்டிலும் இந்தப் பெயர் எழும். உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதிப் பாதிதான் நமக்குப் பாடம்.

2010 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிரான ப்ரீசீசன் ஆட்டத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஆடிய குரூஸ் 6 பாஸ்களைப் பிடித்து 145 யார்டும் 3 டச்டவுனும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். பக்கத்து ஊரான பேட்டர்சனில் வளர்ந்த பையன், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், டிராஃப்டில் எந்த அணியும் சீந்தாதவர் என்பதால், ஒரே இரவில் ஊரெங்கும் அவர் பேச்சாக இருந்தது. அணியில் இடமும் கிடைத்தது. ஆனால் அந்த 2010 பருவத்தில் அவர் மூன்று ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். ஒரு பாஸைக்கூடப் பிடிக்கவில்லை. பிறகு காயத்தால் விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டுதான் 82 பாஸ், 1,536 யார்டு என்று அணியின் சாதனையை முறியடித்தார். அதே ஜெட்ஸுக்கு எதிராக 99 யார்டு பாஸ் டச்டவுன் எடுத்ததும் அந்தப் பருவத்தில்தான்.

ஆக, அந்த ஆகஸ்ட் இரவு அவருக்கு வாங்கித் தந்தது அணியில் ஓர் இருக்கையையும் ஓராண்டு அவகாசத்தையும் மட்டுமே. உங்கள் ரிசீவரின் பதிவை மறுபடி போட்டுப் பாருங்கள். அவரைக் காவல் காத்தவர் யார், அந்தக் கார்னர்பேக் இப்போது எந்த அணியிலாவது நிலைக்கக்கூடியவரா, பாஸ் வரும் முன்பே இவர் திருப்பத்தில் அவரை உதறிவிட்டாரா, அல்லது அவர் கால் தடுக்கியதால் இவருக்கு வழி கிடைத்ததா என்று கேளுங்கள். எதிராளி யாராக இருந்தாலும், ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் தரப்பட்டு ப்ளே தொடங்கியதும்) உடலோடு ஒட்டிவரும் காவலிலிருந்து முதல் இரண்டு அடியில் விடுபடும் திறமை பருவத்திலும் கூடவே வரும். நூறு யார்டு என்ற எண் அப்படி வராது.

கேள்வி: எங்கள் ரூக்கி (முதல் ஆண்டு) குவார்ட்டர்பேக் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பெரும்பாலான பாஸ்களைத் தவறின்றி முடித்தார். அவரையே முதல் ஆட்டத்தில் இறக்கலாம் அல்லவா?

குவார்ட்டர்பேக்கைத்தான் ப்ரீசீசனில் மதிப்பிடுவது மிகக் கடினம். ஆகஸ்டில் எந்த அணியும் தன் தடுப்பாட்ட உத்திகளை வெளியே காட்டாது. நான்கு பேர் மட்டும் முன்னேற, மற்றவர்கள் எளிய வியூகத்தில் நிற்பார்கள். ஸ்னாப்புக்கு முன் ஒன்றைக் காட்டி, பின் இன்னொன்றாக மாறும் ஏமாற்று வியூகங்களைச் செப்டம்பருக்கென்று பொத்தி வைத்திருப்பார்கள். கேள்வித்தாளின் கடினமான பகுதியைக் கிழித்துவிட்டு நடத்தும் தேர்வில் எடுத்த மதிப்பெண் இது.

ஆனாலும் சிலவற்றைக் காணலாம். வீரர்களை நேரத்துக்குள் வரிசைப்படுத்தி, கடிகாரம் முடியும் முன் பந்தை வாங்குகிறாரா? முதல் ரிசீவர் மறிக்கப்பட்டால் கண் அமைதியாக இரண்டாமவரிடம் போகிறதா, அல்லது உடனே காலைத் தூக்கி ஓடிவிடுகிறாரா? மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஏழு யார்டு தேவைப்படும்போது நான்கு யார்டில் நிற்பவருக்குப் பந்தைக் கொடுத்துத் தன் சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாரா?

2012-இல் சியாட்டில் அணி மாட் ஃபிளின்னை நல்ல தொகைக்கு ஒப்பந்தம் செய்திருந்தும், மூன்றாம் சுற்றில் வந்த ரஸ்ஸல் வில்சன் ப்ரீசீசனில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவர் எதிரணியின் பின்வரிசைக்கு எதிராகத்தான் ஆடினார். பயிற்சியாளர் பீட் கேரல் அதோடு நிற்காமல், மூன்றாம் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டிக்கு எதிராக அவரைத் தொடக்க வீரராகவே இறக்கிப் பார்த்தார். 44-14 என்று சியாட்டில் வென்ற பிறகே முடிவு வந்தது. உங்கள் ரூக்கி எந்த வரிசைக்கு எதிராக ஆடினார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் நான் விடை சொல்வதற்கில்லை.

கேள்வி: நம் லெஃப்ட் டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடப்பக்க லைன் வீரர்) இரண்டு சாக் கொடுத்துவிட்டார். அவரை மாற்ற வேண்டாமா?

குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டால் (அதுதான் சாக்) அருகில் நின்ற டேக்கிள்தான் குற்றவாளி என்று தொலைக்காட்சி காட்டிவிடும். பந்து கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு மேல் போயிருந்தால் பழியில் பெரும்பங்கு குவார்ட்டர்பேக்கையே சேரும். சில வேளைகளில் பாய்ந்து வரும் லைன்பேக்கரைத் தடுக்க வேண்டியவர் ரன்னிங் பேக்காக இருப்பார். அணிகள் 22 வீரர்களும் தெரியும் உயரக் கோணப் பதிவை வைத்து, ஒவ்வொரு ப்ளேயிலும் ஒவ்வொருவரும் தமக்கு ஒப்படைத்த வேலையைச் செய்தாரா, சரியான முறையில் செய்தாரா என்று தனித்தனியே மதிப்பெண் இடுகின்றன. வீட்டிலிருந்து பார்க்கும் நமக்கு அந்த வேலை என்னவென்று முழுமையாகத் தெரியாது. ஆகவே லைன் வீரர்களைப் பற்றிய தீர்ப்பில் நான் எப்போதும் ஒரு படி பின்வாங்கியே நிற்பேன்.

கேள்வி: எங்கள் புதிய கார்னர்பேக்கின் பெயர் ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஏமாற்றமா?

அவர் பக்கம் பந்தே எறியப்படவில்லை என்றால், அது நல்ல செய்தியாகவும் இருக்கக்கூடும். பதிவில் அவரை மட்டும் பாருங்கள்.

கேள்வி: கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்) இடத்துக்கான போட்டியை எப்படிக் கணிப்பது?

ஆகஸ்ட் எண்களை ஓரளவு நம்பக்கூடிய ஒரே இடம் இதுதான். எதிரணியின் தரம் எதுவானாலும், 50 யார்டு என்பது 50 யார்டுதான். 2012-இல் டிராஃப்ட் ஆகாத ஜஸ்டின் டக்கர், அனுபவசாலியான பில்லி கண்டிஃபைப் பால்டிமோரில் வென்றது முகாமிலும் ப்ரீசீசனிலும் உதைத்த உதைகளால்தான்.

கேள்வி: நட்சத்திரங்களே ஆடாத ஆட்டத்துக்கு முழுக் கட்டணம் வாங்குவது நியாயமா?

நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். 1999 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன், ப்ரீசீசன் ஆட்டம் ஒன்றில் முழங்கால் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்தார். அவரிடத்தில் வந்த கர்ட் வார்னர் அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலை (இறுதிப் போட்டியை) வென்றுகொடுத்தார் என்றாலும், எல்லா அணியின் பெஞ்சிலும் ஒரு வார்னர் உட்கார்ந்திருப்பதில்லை. அதே ராம்ஸ் அணியின் இன்றைய பயிற்சியாளர் ஷான் மெக்வே, முதல் வரிசை வீரர்களைப் ப்ரீசீசனில் இறக்காமலேயே 2021 பருவத்தின் கோப்பையை வென்றார். இப்போது பல அணிகள், இரு அணிகளும் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பயிற்சிகளில்தான் தம் முதல் வரிசையைச் சோதிக்கின்றன. அடியின் கடுமையையும், எத்தனை முறை எந்தச் சூழலை ஒத்திகை பார்ப்பது என்பதையும் அங்கே பயிற்சியாளர்களே தீர்மானிக்கலாம்.

கேள்வி: வேலைக்குப் போய் வருபவன் நான், ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எந்தப் பகுதியைப் பார்ப்பது?

இரண்டாம் கால் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் வரிசையில் மீதமிருப்பவர்களும் இரண்டாம் வரிசையும் கலந்து ஆடும் நேரம் அது. ஒரு புதியவர் தன்னைவிட மேலானவரை எதிர்கொள்ளும் ப்ளேக்கள் அங்கேதான் அதிகம் கிடைக்கும். பந்தைத் தொடராமல், அணியில் இடத்துக்குப் போராடும் ஒரே ஒரு வீரரின் எண்ணைத் தேர்ந்துகொண்டு, அவரை மட்டும் பத்து ஸ்னாப் பின்தொடருங்கள். நேரம் மிஞ்சினால், மூன்றாம் கால் பகுதியின் கிக்ஆஃபில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார், அல்லது நிற்கவே இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.