ஒரே ஜெனரல், மூன்று பதவி: எதை எழுதுவது?

கேள்வி: செய்திகளை மொழிபெயர்க்கிறேன். தென் கொரியாவில் இருக்கும் அமெரிக்க ஜெனரலை ஒரு செய்தி 'ஐ.நா. படைத் தளபதி' என்கிறது, இன்னொன்று 'கூட்டுப் படைத் தளபதி' என்கிறது, வேறொன்று 'கொரியாவிலுள்ள அமெரிக்கப் படைகளின் தளபதி' என்கிறது. ஆள் ஒருவர்தான். எது சரி?

பதில்: மூன்றும் சரி. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் செய்தியே மாறிவிடும். மூன்று நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்திருந்தாலும், நாற்காலிக்கு நாற்காலி அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு.

அதிகம் குழப்புவது ஐ.நா. என்ற பெயர். கொரியப் போர் தொடங்கியபின், 1950 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், ஒன்றுபட்ட படைக்குத் தலைமை தாங்கும்படி அமெரிக்காவைக் கேட்டுக்கொண்டு, ஐ.நா. கொடியைப் பயன்படுத்தவும் அனுமதித்தது. அவ்வளவுதான். உத்தரவு இன்றும் வாஷிங்டனிலிருந்தே வருகிறது. தயவுசெய்து 'ஐ.நா. அமைதிப்படை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1953 போர்நிறுத்த ஒப்பந்தத்தைக் காப்பதே இந்தப் படைத் தலைமையின் வேலை. இரு கொரியாக்களுக்கும் நடுவிலுள்ள பன்முன்ஜொமில் எல்லைக்கோட்டின் மேலேயே நீல நிறக் கொட்டகைகள் நிற்கின்றன. உள்ளே பேச்சுவார்த்தை மேசையின் நடுவிலும் அந்தக் கோடு ஓடுகிறது. போர்நிறுத்தம், எல்லைக்கோடு சம்பந்தப்பட்ட செய்தி என்றால் அவர் ஐ.நா. படைத் தளபதி.

1978இல் உருவான கூட்டுப் படைத் தலைமை அமெரிக்கா, தென் கொரியா இரு நாட்டுக்கும் பொது. போர் மூண்டால் குறித்த தென் கொரியப் படைகளையும் இதுவே நடத்தும். அமைதிக் காலத்தில் அவை 1994 டிசம்பர் முதல் சியோலின் கையில். கூட்டுப் பயிற்சி, போர்க்காலக் கட்டுப்பாட்டைத் தென் கொரியாவிடம் ஒப்படைப்பது பற்றிய பேச்சு என்றால் இந்தப் பதவியை எழுதுங்கள்.

அமெரிக்க வீரர்கள், முகாம்கள் பற்றிய செய்தியில் மூன்றாவது பதவி. அதில் அவருக்கு மேலே ஹவாயில் இருக்கும் இந்தோ-பசிபிக் படைத் தலைமை இருக்கிறது.

அப்புறம், 'துணைத் தளபதி' என்று வந்தால் உடனே நின்று பாருங்கள். கூட்டுப் படையில் அவர் கொரிய நான்கு நட்சத்திர ஜெனரல், அமெரிக்கப் படைகளில், தென் கொரியாவின் ஓசான் தளத்தில் இருக்கும் அமெரிக்க 7ஆவது விமானப்படையின் தளபதி, ஐ.நா. படையிலோ, 2018இல் கனடா நாட்டு ஜெனரல் ஒருவர் முதன்முறையாக வந்ததிலிருந்து, அமெரிக்கர் அல்லாதவர்.