வெளியூர் ஆலயத் திருமணம்: முந்தின மாலையே போய்ச் சேருங்கள்

கேள்வி: என் நெருங்கிய தோழிக்கு வெளியூரில் உள்ள கத்தோலிக்க ஆலயத்தில் காலை 10 மணிக்குத் திருமணம். நான் கிறிஸ்தவள் அல்ல. ஆலய வழிபாட்டில் இதுவரை கலந்துகொண்டதில்லை. இரவெல்லாம் பயணம் செய்து காலையில் நேரே ஆலயத்துக்குப் போய்விடலாமா? மாலை வரவேற்புக்கு மட்டும் போனால் போதுமா? உள்ளே எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: வரவேற்புக்கு மட்டும் போக வேண்டாம். திருமணம் என்பது ஆலயத்தில் நடப்பதுதான். மணமக்கள் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். குருவானவர் அந்தச் சம்மதத்தைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுகிறார். கூடவே இரண்டு சாட்சிகளும் இருக்க வேண்டும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம், அதாவது திருச்சபை ஆயர்களின் பேரவை, விதித்த ஏற்பாடு இது.

திருப்பலியோடு, அதாவது நற்கருணை வழங்கும் முழு வழிபாட்டோடு, சேர்ந்த திருமணம் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ நடக்கும். ஆனால் வாக்குறுதி கடைசியில் வருவதில்லை. விவிலிய வாசகங்களும் குருவானவர் ஆற்றும் மறையுரையும் முடிந்தவுடன் மணமக்கள் எழுந்து நின்று சம்மதம் சொல்லி, மோதிரம் அணிவித்துக்கொள்வார்கள். எல்லாம் சில நிமிடங்கள்தான். பாடற்குழுவில் நின்று பல திருமணங்களைப் பார்த்தவன் நான். மணப்பெண் தாழ்ந்த குரலில் வாக்குறுதி சொல்லிக்கொண்டிருக்கும்போது, ரயிலிலிருந்து நேரே வந்தவரின் சக்கரப் பெட்டி கல்தரையில் கடகடவென்று உருண்டு, கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பாவம், அவர் 400 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர். அதனால்தான் சொல்கிறேன், முந்தின மாலையே போய்ச் சேருங்கள். அது முடியாவிட்டால், வழிபாடு தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது ஊரில் இறங்கி, அறையில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அழைப்பிதழில் ஆலயத்தின் பெயரை மட்டும் பார்த்துப் புறப்பட்டுவிடாதீர்கள். புனித அந்தோனியார், புனித சூசையப்பர் போன்ற பெயர்களில் ஒரே ஊரில் இரண்டு மூன்று ஆலயங்கள்கூட இருக்கும். தெருப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மண்டபம் வேறு இடத்தில் இருந்தால் அங்கே எப்படிப் போவது என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். இடையில் பல மணி நேரம் இருக்கலாம். பரிசை மண்டபத்தில் கொடுத்தால் போதும், ஆலயத்துக்குச் சுமந்துகொண்டு வர வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். முன்வரிசைகள் குடும்பத்தாருக்கு உரியவை. நடுப்பகுதியில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் எந்தக் குழப்பமும் வராது. அவர்கள் முழந்தாளிடும்போது நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். பல ஆலயங்களில் முழந்தாளிடும் பலகை கீழே மடக்கி இறக்கும்படி இருக்கும். அதைக் கையால் பிடித்து மெல்ல இறக்குங்கள். நழுவினால் ஆலயம் முழுவதும் அதிரும்.

நற்கருணையில், அதாவது அர்ச்சித்த அப்பத்தை வழங்கும் வேளையில், மட்டும் தனிக் கவனம் தேவை. எல்லோரும் வரிசையாகப் பீடத்தை நோக்கிப் போவார்கள்; கூடவே எழுந்து போவதுதான் மரியாதை என்று தோன்றும். அப்படியில்லை. கத்தோலிக்கருக்கு அது கிறிஸ்துவின் உடல். திருச்சபையோடு ஒன்றித்திருப்பவர்கள் பெறுவது. இடத்திலேயே அமர்ந்திருங்கள். உள்ளிருப்பவர்கள் போகக் காலை ஒதுக்கிக்கொடுத்தால் போதும், ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வேறு சபைத் திருமணங்களுக்கு இதே கணக்குப் பொருந்தாது. புராட்டஸ்டண்ட் ஆராதனை பல வேளைகளில் திருவிருந்து (அப்பமும் இரசமும் பகிரும் சடங்கு) இல்லாமல் சுருக்கமாக முடிந்துவிடும். ஆர்த்தடாக்ஸ் திருமணத்தில் மணமக்களுக்கு முடிசூட்டுவதுதான் நடுநாயகம். அங்கே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கலாம், வசதியான காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டை மறுநாள் காலைக்கு எடுங்கள். வரவேற்பில் வாழ்த்துரைகள் நீண்டுகொண்டே போகும். கூட்டம் கலைந்த பிறகுதான் உங்கள் தோழிக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.