15 மணி நேர விமானப் பயணம்: ஜன்னல் சீட்டா, ஐல் சீட்டா?

"சென்னையிலிருந்து வளைகுடாவில் விமானம் மாறி அமெரிக்கா போகிறேன், முதல்முறை. இரண்டாவது விமானம் மட்டும் 15 மணி நேரத்துக்கு மேல். எந்த சீட் எடுப்பது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிறீர்கள் என்றால் நடு பிளாக்கில் ஐல் ஓரம், அதாவது நடந்து போகிற வழியை ஒட்டிய சீட். பணம் கட்டுவதானால் இரண்டாவது விமானத்துக்கு மட்டும். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் நீளமாகப் போகும், ஏனென்றால் பத்து வருடத்துக்கும் மேலாக டாலஸுக்கும் சென்னைக்கும் நடுவில் அலைகிறேன், அந்த விமானங்களில் இருக்கிற எல்லா மோசமான சீட்டிலும் ஒருமுறையாவது உட்கார்ந்தாகிவிட்டது.

சீட் தேடும்போது எல்லாரும் பார்ப்பது கால் நீட்ட இடம் இருக்கிறதா என்றுதான். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் 15 மணி நேரத்தில் நம்மைப் படுத்துவது சீட் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள். யார் நம்மைத் தாண்டிப் போகப் போகிறார்கள், நாம் யாரைத் தாண்ட வேண்டும் என்பதை மட்டும் கணக்குப் போட்டால் பாதி வேலை முடிந்தது. போயிங் 777 விமானத்தில் பெரும்பாலும் வரிசைக்குப் பத்து சீட், இடையில் இரண்டு ஐல், அதனால் 3-4-3. ஏபிசி ஒரு பக்கம், டிஇஎஃப்ஜி நடுவில், ஹெச்ஜேகே அந்தப் பக்கம். நீங்கள் சி-யில் உட்கார்ந்தால் ஏ, பி இரண்டு பேருக்கும் உங்களை விட்டால் வேறு வழி கிடையாது. ஆளுக்கு நாலு தடவை பாத்ரூம் போனாலும் எட்டு தடவை நீங்கள் எழுந்திருக்க வேண்டும், அதுவும் அப்போதுதான் கண் அசந்திருக்கும். டி-யில் உட்கார்ந்தால் இ மட்டும்தான் உங்கள் வழியாக வருவார், எஃப்-இல் இருப்பவர் ஜி பக்கமாகப் போய்விடுவார். இரண்டும் ஐல் சீட்தான், ஆனால் தொந்தரவு சரிபாதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி 3-3-3 விமானங்களில் இது இன்னும் வசதி, நடு பிளாக்கின் நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் போகலாம், யார் விழித்திருக்கிறார்களோ அவர்கள் பக்கம் போய்விடுவார். எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், சீட் படத்தைப் பார்த்து எடுங்கள்.

ஜன்னல் சீட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அம்மா கதையைச் சொல்ல வேண்டும். அம்மா முதல்முறை தனியாக வந்தபோது "வெளியே பார்த்துக்கொண்டே வரட்டும்" என்று ஆசையாக ஜன்னல் ஓரம் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் இரண்டு இளைஞர்கள், ஏறியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்கள். அவர்களைத் தட்டி எழுப்ப அம்மாவுக்குக் கூச்சம். அதனால் ஒரு வேலை செய்திருக்கிறார், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்தால்தானே பாத்ரூம் போக வேண்டும். 15 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை எழுந்தாராம். டாலஸில் வெளியே வரும்போது இரண்டு காலும் வீங்கி, செருப்பு நுழையாமல், குதிகாலால் மிதித்து இழுத்துக்கொண்டு வந்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்று டாக்டர்கள் சொல்வது விளையாட்டுக்கு இல்லை. அடுத்த தடவை அப்பாவும் கூட வந்தார், அம்மாவுக்கு டி, அப்பாவுக்கு இ. அப்பா அம்மா தோளில் சாய்ந்து குறட்டை விட்டதுதான் அந்தப் பயணத்தின் ஒரே புகார்.

சரி, ஜன்னலுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ஏறியதும் தூங்கி இறங்கும்போது எழுந்திருக்கும் வரம் பெற்றவர் என்றால் ஜன்னலை எடுங்கள், தலையணையை வைத்துச் சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது, யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒருமுறை கிரீன்லாந்தின் பனியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்தேன், இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் எல்லாரும் தூங்குவதற்காக ஜன்னலை மூடச் சொல்லிவிடுவார்கள். இறக்கைக்கு மேலே சீட் என்றால் குலுங்கல் குறைவு, அதே சமயம் வெளியே தெரிவது இறக்கை மட்டும்தான். சில ஜன்னல் சீட்டுகளில் ஜன்னலே இருக்காது, வெறும் சுவர். பதிவு செய்வதற்கு முன் ஏரோலோபா என்ற தளத்தில் உங்கள் விமானத்தின் படத்தைப் பாருங்கள், ஜன்னல் எங்கே வருகிறது என்பது வரை அளவோடு வரைந்திருப்பார்கள்.

அப்புறம் எமர்ஜென்சி கதவு வரிசை. எல்லாரும் கனவு காண்கிற சீட், நானும் ஒருமுறை கணிசமாகப் பணம் கட்டி எடுத்தேன். காலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், அது உண்மை. ஆனால் முன்னால் சீட் இல்லாததால் சாப்பாட்டுத் தட்டும் டிவி திரையும் கைப்பிடிக்குள் மடங்கி இருக்கும், அதனால் அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் கைப்பை உட்பட எல்லாவற்றையும் மேலே வைத்துவிட வேண்டும். கதவோரம் காலுக்குக் குளிர் அடிக்கும், இரண்டு சாக்ஸ் போட்டும் எனக்குப் போதவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பாத்ரூமுக்கு வரிசை நிற்கிறவர்கள் சரியாக என் முழங்காலுக்கு முன்னால் நின்று குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவசரம் என்றால் கதவைத் திறக்க உதவ வேண்டும் என்பதால் குழந்தையோடு வருபவர்களுக்கும் நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் அந்த சீட் கொடுக்கவும் மாட்டார்கள்.

தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் வரும் முதல் வரிசை, கைக்குழந்தை இருந்தால் மட்டும். தொட்டில் மாட்டுவது அங்கேதான், டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேட்டுவிட வேண்டும். கைக்குழந்தை இல்லாதவர் அங்கே போய் உட்கார்ந்தால் வேறு யாருடைய கைக்குழந்தையாவது பக்கத்தில் இருக்கும், பிறகு அதைக் குறை சொல்லக் கூடாது.

ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 777-இன் வால் பக்கம் உடம்பு ஒடுங்குவதால் பல விமானங்களில் கடைசி சில வரிசைகள் 2-4-2 ஆகிவிடும். இரண்டே சீட், மூன்றாவது ஆள் கிடையாது, சுவருக்கும் சீட்டுக்கும் நடுவில் பை வைக்கச் சந்துகூட இருக்கும். நானும் மனைவியும் போனால் இதைத்தான் தேடுவோம். ஆனால் அதிலும் கடைசி வரிசை வேண்டாம், சாய்க்க முடியாமல் போகலாம், பாத்ரூம் ஃப்ளஷ் சத்தம் காதுக்குள் கேட்கும். பின்னால் உட்கார்ந்தால் குலுங்கலும் கூடுதல், சாப்பாட்டு வண்டி வருவதற்குள் வெஜ் தீர்ந்தும் போகலாம். சைவம் என்றால் குறைந்தது ஒரு நாள் முன்னால் 'ஏசியன் வெஜிடேரியன்' என்று பதிவு செய்துவிடுங்கள், எங்கே உட்கார்ந்தாலும் உங்களுக்குத்தான் முதலில் வரும். முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை காலித் தட்டை மடியில் வைத்துக் காவல் காக்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் முன்னால், டிக்கெட் எடுக்கும்போதே எந்த விமானம் என்று பாருங்கள். விலை ஒன்றாக இருந்தால் இதுதான் தீர்மானிக்க வேண்டும். டிக்கெட்டில் 77டபிள்யூ என்றால் 777-300இஆர், 359 என்றால் ஏ350-900, 388 என்றால் ஏ380, 789 என்றால் 787-9. 777 வந்த காலத்தில் பல நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது சீட்தான் போட்டன, பிறகு அதே உடம்பில் பத்தாவதைத் திணித்ததில் அகலம் சுமார் 17 அங்குலமாகிவிட்டது. ஏ380-இன் கீழ்த்தளத்திலும் பத்துதான், ஆனால் அது அகலமான விமானம், சுமார் 18 அங்குலம் கிடைக்கும். ஒன்பது சீட் போட்ட ஏ350-இலும் அதேதான். ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். பக்கத்தில் ஆஜானுபாகுவான ஒருவரோடு கைப்பிடியைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு இரவு உட்கார்ந்தால் தெரியும்.

பணம் கட்டி எடுத்த சீட்டை விட்டுக்கொடுக்காதீர்கள், இது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல். ஒருமுறை ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டதும் ஒரு அம்மா வந்து, "தம்பி, நீங்க தனியாத்தானே வர்றீங்க? எங்க மூணு பேரையும் பிரிச்சுப் போட்டுட்டாங்க" என்றார். நம் ஊர் முகம், மறுக்க மனசு வரவில்லை. அவர் காட்டிய சீட்டுக்குப் போனால் அது நடு சீட், முன் சீட்டுக்கு அடியில் டிவிக்கான இரும்புப் பெட்டி வேறு, ஒரு கால் மட்டும்தான் நீட்ட முடிந்தது. தனியாக வருகிறவனுக்கு முதுகு கிடையாதா? ஐலுக்கு ஐல் என்றால் மாறுங்கள், இல்லையென்றால் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டாமல் எடுக்க வழி இருக்கிறது. வெப் செக்கின், அதாவது இணையத்திலேயே செக்கின் செய்து சீட் எடுப்பது, விமானம் கிளம்ப 24 மணி நேரம் முன்னால் திறக்கும், சில நிறுவனங்களில் 48. திறந்த நிமிடமே உள்ளே போனால் ஐல் சீட் பெரும்பாலும் கிடைக்கும், மே, ஜூன், டிசம்பர் தவிர. அந்த மாதங்களில் எல்லாருக்கும் பள்ளி விடுமுறை, அப்போது கட்டிவிடுங்கள். சென்னையிலிருந்து வளைகுடா வரை நாலு நாலரை மணி நேரம்தான், கோயம்பேட்டில் பஸ் ஏறியதாக நினைத்துக்கொண்டு கொடுத்த சீட்டில் உட்காருங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். சீட் எடுத்த பிறகும் வாரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். நிறுவனம் விமானத்தை மாற்றினால் சீட்டும் மாறிவிடும், எனக்கு ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய 24டி யாரும் சொல்லாமலே 41பி ஆகியிருந்தது. நாலு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தது, அதுவும் சீட்டுக்குக் கட்டிய ரசீதை அழிக்காமல் வைத்திருந்ததால்.