மூன்று சீட்டு போக்கர்: ராஜா ஜோடி இருந்தும் ஆன்ட்டிக்கு மட்டும் ஏன் பணம்?

ராஜா ஜோடியோடு ஜெயித்தும், ஆன்ட்டிக்கு (சீட்டைப் பார்க்கும் முன் வைக்கும் பந்தயம்) மட்டும் பணம் தந்தார்களே, டீலர் ஏமாற்றினாரா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றவில்லை. டீலர் கையில் ஜாக்கிதான் பெரிய சீட்டு என்கிறீர்களே, அப்போது அவர் ஆட்டத்துக்கே தகுதி பெறவில்லை; ஆன்ட்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, ப்ளே பந்தயத்தை (சீட்டைப் பார்த்தபின் ஆட்டத்தைத் தொடர வைப்பது) அப்படியே திருப்பித் தருவார்கள், உங்களிடம் ராஜா ஜோடி இருந்தாலும் சரி.

நீங்கள் ஐந்து சீட்டு ஆட்டத்தின் கணக்கை மனதில் வைத்து ஆடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஃப்ளஷ் (எல்லாம் ஒரே இனச் சீட்டு) பெரிது; இங்கே ஸ்ட்ரெயிட் (வரிசையாக வரும் சீட்டுகள்) ஃப்ளஷ்ஷை அடிக்கும். மூன்று சீட்டில் ஸ்ட்ரெயிட் விழுவதுதான் அரிது (22,100 கைகளில் 720, ஃப்ளஷ் 1,096). எனக்கும் முதலில் இது குழப்பம்தான்.

அடுத்த முறை டீலர் சீட்டைத் திருப்பியதும் முதலில் ராணியோ அதற்கு மேலோ, இல்லை ஒரு ஜோடியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, நீங்கள் ஜெயித்தால்தான் ப்ளேவுக்கும் பணம், தோற்றால் இரண்டும் போகும். உங்கள் கையில் ராணி-6-4 அல்லது அதைவிட நல்லது வந்தால் ப்ளே போடுங்கள், ராணி-6-3 என்றால் மடக்கிவிடுங்கள்.

ஆன்ட்டி போனஸ் (பெரிய கைகளுக்குக் கூடுதலாகத் தரும் பணம்) மேசைக்கு மேசை மாறும், விரிப்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு உட்காருங்கள். அப்புறம், இவ்வளவு சரியாக ஆடினாலும் ஆன்ட்டியில் சுமார் 3.4 சதவீதம் கேசினோ பக்கம்தான்.