எலெக்ட்ரானிக்ஸ் கேட்கும் மகள், கவலைப்படும் தாய்: அல்சூருக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் மகள் எலெக்ட்ரானிக்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். மின்னோட்டவியல் பாடத்திலோ மதிப்பெண் சரிந்துவிட்டது. அல்சூரில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேச்சைச் சற்று ஒதுக்கி வையுங்கள். மதிப்பெண்ணை வைத்தும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பாடத்தைப் பல பிள்ளைகள் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்களே தவிர, மின்னோட்டத்தைக் கையால் அளந்து பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை அவளை பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்கு அழைத்துப் போங்கள். பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. நான்கைந்து, 470 ஓம், 1 கிலோ ஓம் மின்தடைகள், வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஆகியவை போதும். பெண் பிள்ளை கரண்டில் கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 9 வோல்ட் பேட்டரியை உலர்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக் பக்கம் மட்டும் இந்தச் சோதனை போகவே கூடாது.

470 ஓம் மின்தடையையும் எல்.இ.டி.யையும் ஒரே வரிசையில் பேட்டரியோடு இணைக்கட்டும். எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம். விளக்கு எரிந்ததும் மீட்டரை எடுத்து அளக்கச் சொல்லுங்கள். எல்.இ.டி.யின் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 2 வோல்ட், மின்தடையில் ஏறத்தாழ 7 வோல்ட் காட்டும். கூட்டினால் பேட்டரியின் 9 வந்துவிடும். இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845-இல் சொன்ன விதி இதுதான். 7-ஐ 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். வோல்ட்டை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் என்னும் ஓம் விதி இது. பாடப்புத்தகம் பயமுறுத்திய இரண்டு விதிகளும் மேசை மேல் வந்துவிட்டன.

இனிதான் முக்கியமான இடம். 470-ஐ எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போடட்டும். மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கும், வெளிச்சம் குறையும். ஆனால் எல்.இ.டி.யின் மேல் இருக்கும் வோல்ட் அதிகம் மாறாது. மின்தடையாக இருந்தால் ஓட்டத்துக்கு ஏற்ப அதுவும் பாதியாகியிருக்க வேண்டும். எல்.இ.டி. ஒரு குறைக்கடத்தி (செமிகண்டக்டர்); ஓம் விதிக்கு அது கட்டுப்படுவதில்லை. அதனால்தான் மின்தடை இல்லாமல் நேராகப் பேட்டரியில் மாட்டினால் ஓட்டம் எகிறி அது கருகிவிடுகிறது. டையோடு, டிரான்சிஸ்டர், சிப் எல்லாம் இந்தக் கட்டுப்படாத குணத்தின் மேல்தான் நிற்கின்றன.

அப்போது உங்கள் மகளின் முகத்தைப் பாருங்கள். "ஏன் மாறவில்லை?" என்று கேட்டு மறுபடி மீட்டரை எடுத்தாளானால், அவளை எலெக்ட்ரானிக்ஸில் தயங்காமல் சேருங்கள். மதிப்பெண்ணைச் சில மாதப் பயிற்சியில் மீட்டுவிடலாம், இந்த ஆர்வத்தை ஊட்டுவது கடினம். "சரி, எரிந்துவிட்டது" என்று எழுந்து போனால், அவளோடு உட்கார்ந்து இன்னொரு முறை பேச வேண்டும்.

வேலை கிடைக்குமா என்ற பயம் இந்த ஊரில் வேண்டாம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இல் தொடங்கியது பெங்களூருவில்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இலேயே சிப் வடிவமைப்புக்கு இங்கே வந்துவிட்டது. ஆனால் சிப் வேலைக்கு நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கம்ப்யூட்டர் பாடத்தை அவள் வெறுக்க வேண்டியதில்லை. மோட்டார், சார்ஜர், மின்சார வாகனம் பக்கம் மனம் போனால் எலெக்ட்ரிக்கல் பிரிவையும் சேர்த்துப் பாருங்கள்.

அளந்த எண்களை அவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும், நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். எந்தக் கல்லூரியில் மாணவர்களை ஆய்வகக் கருவிகளைத் தாங்களே தொட விடுகிறார்கள் என்று பார்த்து, சி.இ.டி. (கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு) கலந்தாய்வுக்கான கல்லூரி வரிசையைச் சேர்ந்தே போடுவோம்.